லிண்ட்பர்க் என்னும் பகுதிநேரப் படைவீரர்

அட்லாண்டிக் மாகடலைத் தன்னந்தனியாக, இடையில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்த முதல் மனிதர் சார்லஸ் லிண்ட்பர்க் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. 1927ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டுப் பாரிசில் இறங்கிய அந்த இருபத்தைந்து வயது இளைஞரைத் தனிக் கழுகு என்று உலகம் போற்றியது. பெயர் பொருத்தமானதுதான். ஆனால் அது பாதி உண்மையே என்பது என் கருத்து. அன்று அந்தச் சிறு விமானத்தில் அமர்ந்திருந்தவர் மிசௌரி மாநிலத் தேசியக் காவற்படையில் ஒரு கேப்டன். வார நாட்களில் தபால் விமானம் ஓட்டிப் பிழைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் படைப் பயிற்சிக்குப் போனவர். வேறு தொழில் செய்துகொண்டே நாட்டின் விமானப்படைக்கும் உழைக்கும் இந்த ஏற்பாட்டை ரிசர்வ் என்பார்கள். நாம் சேமப்படை எனலாம். அவருடைய வாழ்வில் இந்தச் சேமப்படைக்கு இருந்த பங்கைப் பலரும் ஓரிரு வரிகளில் கடந்து விடுகிறார்கள். அவரை உயர்த்தியதும் அதுவே. பின்னாளில் அவரைப் பெரும் சோதனையில் நிறுத்தியதும் அதுவே. ஆகவே அந்தக் கோணத்திலேயே அவர் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1902 பிப்ரவரி 4ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர் லிண்ட்பர்க். வளர்ந்தது மின்னசோட்டா மாநிலத்தில் லிட்டில் ஃபால்ஸ் என்னும் சிற்றூரின் பண்ணையில். தாய் வேதியியல் ஆசிரியை. தந்தை வழக்கறிஞர், 1907 முதல் 1917 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினராக இருந்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்கா நுழையக் கூடாது என்று பிடிவாதமாக எதிர்த்துப் பேசி, அதனாலேயே பலருடைய வெறுப்பைத் தேடிக்கொண்டவர். தந்தையின் இந்தப் பிடிவாதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மகனுடைய கதையில் அது மீண்டும் தலைகாட்டும்.

1920இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். படிப்பில் மனம் ஒட்டவில்லை. மோட்டார் சைக்கிளும் துப்பாக்கி சுடும் குழுவும்தாம் அவருக்குப் பிடித்தவை. இரண்டாம் ஆண்டிலேயே மதிப்பெண் போதாமல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 1922 ஏப்ரலில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்குப் போய் விமானம் ஓட்டக் கற்கத் தொடங்கினார். பிறகு ஊர் ஊராகச் சென்று விமானச் சாகசம் காட்டும் கூட்டங்களோடு சேர்ந்து, பறக்கும் விமானத்தின் இறக்கை மேல் நடப்பதும் பாராசூட்டில் குதிப்பதுமாக இருந்தார். 1923இல் போர்க்காலத்து உபரிச் சரக்காக விற்கப்பட்ட ஜென்னி என்னும் பழைய பயிற்சி விமானம் ஒன்றை 500 டாலருக்கு வாங்கினார். நம் ஊர்த் திருவிழாக்களில் ராட்டினம் கட்டுபவர் கூவி அழைப்பதைப் போலத்தான் அன்றைய அமெரிக்காவில் விமானிகள் சவாரிக்கு ஆள் பிடித்தார்கள். விமானம் ஓட்டுவது அப்போது மதிப்பான தொழிலாகக் கருதப்படவில்லை.

இந்த நாடோடி வாழ்க்கையிலிருந்து அவர் இராணுவத்தின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் நாட்டுப்பற்று மட்டும் என்று சொன்னால் அது மிகையாகும். அவருடைய ஜென்னியின் எஞ்சின் 90 குதிரைத் திறன் உடையது. இராணுவ விமானங்களிலோ 400 குதிரைத் திறன் கொண்ட லிபர்ட்டி எஞ்சின்கள் இருந்தன. அவற்றை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அரசு இலவசமாகக் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் தரும் என்றால் எந்த இளைஞன்தான் வேண்டாம் என்பான்?

அரசுக்கும் இதில் கணக்கு இருந்தது. 1920இல் திருத்தப்பட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டம் அமெரிக்கத் தரைப்படையை மூன்று கூறுகளாக வகுத்தது: முழுநேரப் படை, மாநிலங்களின் தேசியக் காவற்படை, சேமப்படை. விமானப்படை அக்காலத்தில் தரைப்படையின் ஒரு பிரிவாகவே இருந்தது. போர் முடிந்த களைப்பில் நாடாளுமன்றம் பணத்தை இறுக்கிப் பிடித்தது. முழுநேர விமானிகளைப் பெருந்தொகையாக வைத்துக்கொள்ள இயலவில்லை. காலாட்படை வீரனைச் சில மாதங்களில் ஆயத்தம் செய்துவிடலாம். விமானியை அப்படி உருவாக்க முடியாது; ஓர் ஆண்டேனும் வேண்டும். ஆகவே அமைதிக் காலத்திலேயே இளைஞர்களைப் பயிற்றுவித்து, சேமப்படை அதிகாரிகளாக்கி, அவரவர் தொழிலுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். கற்ற கை மறக்காமல் இருக்க அவ்வப்போது அழைத்துப் பறக்க விடுவார்கள். போர் வந்தால் ஆள் தயார். வராவிட்டால் மாதச் சம்பளச் செலவு மிச்சம்.

1924 மார்ச் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரையடுத்த புரூக்ஸ் விமானத்தளத்தில் லிண்ட்பர்க் கேடட்டாகச் சேர்ந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் 104 பேர். மற்றவர்களைவிட அவருக்குப் பறந்த அனுபவம் அதிகம். ஆனால் அங்கே வானத்தில் ஓட்டினால் மட்டும் போதாது. எஞ்சின் அமைப்பு, வானிலை, வரைபடம், இராணுவச் சட்டம் எனப் பாடங்கள் பல. ஒன்றில் தவறினாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கல்லூரியில் புத்தகத்தைத் தொடாத அந்த மாணவர் இங்கே இரவில் விளக்கணைக்கும் மணி அடித்த பிறகு, கழிப்பறையில் எரியும் விளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தார். படிப்பு எதற்கு என்று தெரிந்துவிட்டால் மாணவன் தானே படிப்பான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. (நம் பேராசிரியர்கள் பொறுத்தருள்க!) அந்த மே மாதத்தில் தந்தை காலமானார். துயரத்தைத் தாங்கிக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார்.

பயிற்சி முடியச் சில நாட்களே இருந்தபோது, போர் ஒத்திகையில் அவருடைய விமானமும் இன்னொரு விமானமும் நடுவானில் மோதிச் சிக்கிக்கொண்டன. இருவரும் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்கள். 1925 மார்ச்சில் பயிற்சி முடித்து வெளிவந்தவர்கள் ஏறத்தாழ 18 பேர்தாம். முதலிடம் லிண்ட்பர்க்குக்கு. சேமப்படையின் இரண்டாம் லெப்டினன்டாகக் கமிஷன் கிடைத்தது. ஆனால் முழுநேரப் படைக்கு அப்போது புதிய விமானிகள் தேவைப்படவில்லை. முதல் மாணவராகத் தேறியவர் மீண்டும் வேலை தேடிப் புறப்பட்டார்.

செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்தவர், அந்த ஆண்டின் இறுதியில் மிசௌரி தேசியக் காவற்படையின் 110ஆம் கண்காணிப்பு விமானப் பிரிவில் சேர்ந்தார். அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் போர்க்காலத்தில் விமானம் ஓட்டிவிட்டுப் பின்பு வெவ்வேறு தொழில்களுக்குப் போனவர்கள். சட்டப்படி ஆண்டுக்கு 48 பயிற்சிக் கூட்டங்கள். அதன்மேல் 15 நாள் முகாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நாள் சம்பளம். நம் கல்லூரி என்.சி.சி. மாணவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும். அவர்களுடைய வாராந்தர அணிவகுப்பும் ஆண்டு முகாமும் ஏறத்தாழ இந்த முறையில்தானே நடக்கின்றன! சில இரவுகளில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் பறத்தல். டெக்சாசில் தாம் புதிதாகக் கற்று வந்தவற்றை லிண்ட்பர்க் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1926இல் கேப்டன் ஆனார். அங்கே வந்தவர்களைச் சேர்த்து வைத்தவை இரண்டு என்று 1927இல் வெளிவந்த தம் முதல் நூலில் அவர் குறிப்பிடுகிறார். பறக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் காத்துக்கொள்ளும் வாய்ப்பு ஒன்று. நாட்டுக்குச் செய்ய வேண்டிய கடமை இது என்ற எண்ணம் மற்றொன்று. அந்த வரிசையை நான் கவனித்தேன். பறத்தல் முதலில், நாடு இரண்டாவது. ஒளிவு மறைவு இல்லாத மனிதர்!

சம்பளத்தைவிடப் பெரிய ஆதாயம் அங்கே கிடைத்த மனிதர்கள். அந்த விமானப் பிரிவை உருவாக்கிய மேஜர் வில்லியம் ராபர்ட்சன்தான் செயின்ட் லூயிசில் ராபர்ட்சன் விமானக் கம்பெனியையும் நடத்தினார். செயின்ட் லூயிசுக்கும் சிகாகோவுக்கும் இடையே 278 மைல் தபால் தடம் அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தபோது லிண்ட்பர்க் தலைமை விமானியானார். டெக்சாசில் அவரோடு பயின்ற பிலிப் லவ் என்பவர் துணை விமானிகளுள் ஒருவர். 1926 ஏப்ரல் 15இல் தபால் பறக்கத் தொடங்கியது. பழைய இராணுவ விமானங்கள், ஒளி விளக்குகள் இல்லாத இரவுகள், பனிமூட்டம். அந்த ஆண்டு செப்டம்பரிலும் நவம்பரிலும், தரை தெரியாமல், எரிபொருள் தீர்ந்து, இருமுறை பாராசூட்டில் குதித்தார். முன்பு படைப் பயிற்சியின்போது ஒன்று, ஒரு புது விமானத்தைச் சோதித்தபோது ஒன்று. ஆக நான்கு முறை உயிர் தப்பியவர் அவர்.

நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு நிற்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் என்று ரேமண்ட் ஆர்டெய்க் என்ற ஓட்டல் முதலாளி அறிவித்திருந்தார். தபால் பையோடு தனியே பறந்த இரவுகளில் லிண்ட்பர்க்குக்கு அந்த எண்ணம் முளைத்தது. எண்ணம் யாருக்கும் முளைக்கலாம். பணம் யார் கொடுப்பார்? செயின்ட் லூயிஸ் பிரமுகர்கள் சிலர் முன்வந்தார்கள். ராபர்ட்சன் அவர்களுள் ஒருவர். 15,000 டாலர் சேர்ந்தது. அதில் லிண்ட்பர்க்கின் சொந்தச் சேமிப்பு 2,000. ஞாயிறுதோறும் தம்மோடு பறந்த இளைஞர் எப்படிப்பட்டவர் என்பது ராபர்ட்சனுக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத சாகச விமானியாக மட்டும் இருந்திருந்தால் அந்த நகரத்துப் பெரிய மனிதர்கள் அவரை வாசலில் ஏற்றியிருப்பார்களா என்பது ஐயமே. தபால் தடத்தைப் பிலிப் லவ் பார்த்துக்கொண்டார். சான் டியேகோ நகரின் ரயன் கம்பெனி இரண்டே மாதங்களில் விமானத்தைக் கட்டி முடித்தது.

பயணத்தைப் பற்றி நூல்கள் பல உள்ளன. நான் விரித்துரைக்கப் போவதில்லை. அந்த மே மாதத்தின் தொடக்கத்தில்தான் நுன்ஜெஸ்ஸர், கோலி என்ற இரு பிரெஞ்சு விமானிகள் பாரிசிலிருந்து புறப்பட்டு, கடலில் தடயமின்றி மறைந்து போயிருந்தார்கள். மே 20ஆம் நாள் காலை 7.52க்கு லிண்ட்பர்க் புறப்பட்டார். சுமார் 3,600 மைல். முப்பத்து மூன்றரை மணி நேரம். மறுநாள் இரவு பாரிசின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் பெருங்கூட்டத்தின் நடுவே இறங்கினார்.

நாடு திரும்பியவரின் சட்டையில் அதிபர் கூலிட்ஜ் சிறப்புப் பறத்தல் சிலுவைப் பதக்கத்தை அணிவித்தார். சேமப்படை அவரைக் கர்னலாக்கியது. போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைப்பவருக்கு உரியதான மெடல் ஆஃப் ஆனர் விருதை, தனிச் சட்டம் இயற்றி, அமைதிக் காலத்தில் ஒரு சேமப்படை அதிகாரிக்கு நாடாளுமன்றம் வழங்கியது. இரண்டாண்டுகளுக்கு முன் இடமில்லை என்று அனுப்பிய படை, இப்போது அவர் எங்கள் பிள்ளை என்று சொல்லிப் பெருமைப்பட்டது.

பகுதிநேர விமானப்படை என்பது அமெரிக்காவின் தனிச் சொத்து அன்று. பிரிட்டன் 1924இல் சட்டம் இயற்றித் துணை விமானப்படையை அமைத்தது. வார இறுதி விமானிகள் என்று அவர்களை ஏளனம் செய்தவர்கள் உண்டு. 1940இல் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் மேல் திரண்டு வந்தபோது, எதிர்த்துப் போரிட்ட பிரிவுகளுள் 14 அந்த வார இறுதி விமானிகளுடையவை. நம் நாட்டிலும் 1939இல் இந்திய விமானப்படையின் தன்னார்வ ரிசர்வ் தொடங்கப்பட்டது. சென்னை, பம்பாய், கல்கத்தா முதலிய துறைமுகங்களைக் காக்க அமைந்த கரையோரக் காவல் விமானப் பிரிவுகளில், அதுவரை பறக்கும் கழகங்களிலும் தனியார் கம்பெனிகளிலும் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் பழைய வாப்பிட்டி விமானங்களில் வங்கக் கடலின் மேல் சுற்றி வந்தார்கள். சுதந்திரத்திற்குப் பின் 1952இல் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது.

லிண்ட்பர்க்கின் கதைக்குத் திரும்புவோம். 1929இல் ஆன் மோரோவை மணந்தார். 1932இல் அவர்களுடைய கைக்குழந்தை வீட்டிலிருந்தே கடத்திக் கொல்லப்பட்டது. பத்திரிகைகளின் தொல்லை தாளாமல் 1935 இறுதியில் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார். 1937இல் மனைவியோடு இந்தியாவுக்கும் பறந்து வந்து கல்கத்தா வரை சென்றிருக்கிறார். பெர்லினில் இருந்த அமெரிக்க இராணுவத் தூதரக அதிகாரியின் முயற்சியால் 1936க்கும் 1938க்கும் இடையே ஜெர்மானிய விமானத் தொழிற்சாலைகளைப் பலமுறை பார்வையிட்டு, அங்கு கண்டவற்றை அமெரிக்காவுக்குத் தெரிவித்தார். 1938 அக்டோபரில் கோயரிங் அவருக்கு ஒரு நாஜிப் பதக்கம் அளித்தார். அதை அவர் திருப்பித் தரவில்லை. அந்தப் பதக்கம் அவர் பெயரில் ஒட்டிய கறையாயிற்று.

1939 ஏப்ரலில் நாடு திரும்பியதும் விமானப்படைத் தலைவர் ஆர்னால்டு அவரை முழுநேரப் பணிக்கு அழைத்தார். சேமப்படையின் பயன் கண்கூடாகத் தெரிந்த நேரம் இது. கர்னல் லிண்ட்பர்க் சீருடை அணிந்து, நாடெங்கும் விமானத் தொழிற்சாலைகளையும் ஆராய்ச்சிக் கூடங்களையும் பார்வையிட்டார். எதிர்கால விமானங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த குழுவிலும் பணியாற்றினார். அந்தச் செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. இந்தப் போர் அமெரிக்காவுக்கு வேண்டாம் என்று வானொலியில் பேச விரும்பினார். சீருடையில் இருந்துகொண்டு அப்படிப் பேசுவது முறையாகாது என்பதால், முழுநேரப் பணியிலிருந்து விடுபட்ட பிறகே செப்டம்பர் 15இல் பேசினார். ஆனால் சேமப்படைக் கமிஷன் அவரிடம் இருந்தது.

இங்கேதான் சிக்கல். பகுதிநேரப் படைவீரர் பாதி குடிமகன், பாதி படைவீரர். குடிமகனுக்கு வாய் உண்டு. படைவீரருக்குக் கட்டளை உண்டு. இரண்டும் மோதினால் என்ன செய்வது? 1940, 1941ஆம் ஆண்டுகளில் லிண்ட்பர்க் கூட்டம் கூட்டமாகப் பேசினார். 1941 ஏப்ரல் 25இல் அதிபர் ரூஸ்வெல்ட், உள்நாட்டுப் போர்க்காலத்தில் சரணாகதி பேசியவர்களோடு அவரை ஒப்பிட்டுச் சொன்னார். மூன்றே நாட்களில் லிண்ட்பர்க் கமிஷனைத் துறந்து கடிதம் எழுதினார். தம் தலைமைத் தளபதியே தம் நேர்மையை ஐயுற்ற பின் பதவியில் நீடிப்பது மானமன்று என்பது அவர் வாதம்.

போரை எதிர்க்க அவருக்கு உரிமை இருந்தது என்றே நான் நினைக்கிறேன். சேமப்படையில் பெயர் இருப்பதாலேயே ஒரு குடிமகன் ஊமையாகிவிட வேண்டியதில்லை. ஆனால் செப்டம்பர் 11இல் டெ மாயின் நகரில், நாட்டைப் போருக்குள் தள்ளுபவர்கள் என்று யூதர்களையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினாரே, அது எந்த வகையிலும் ஏற்க முடியாத பேச்சு. ஐரோப்பாவில் யூதர்கள் வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்த வேளை அது. போரை எதிர்த்த அவருடைய நண்பர்கள் பலரே முகம் சுளித்தார்கள். பிற்காலத்திலும் அந்தப் பேச்சுக்காக அவர் வருந்தவில்லை என்பதை அவரைப் போற்றுவோர் மறைக்கக் கூடாது.

டிசம்பர் 7இல் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. லிண்ட்பர்க் உடனே படையில் மீண்டும் சேர முன்வந்தார். போர் அமைச்சர் ஸ்டிம்சன் அவரை நேரில் சந்தித்து மறுத்துவிட்டார். சில விமானக் கம்பெனிகளும் அரசுக்கு அஞ்சித் தயங்கின. ஹென்றி ஃபோர்டு தம் குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலையில் வேலை கொடுத்தார். மிக உயரத்தில் விமானிக்கு மூச்சு எப்படி இருக்கும் என்று அறிய, மேயோ மருத்துவமனையின் அழுத்த அறையில் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்.

1944இல் யுனைடெட் விமானக் கம்பெனியின் தொழில்நுட்பப் பிரதிநிதியாகப் பசிபிக் போர்முனைக்குப் போனார். கம்பெனிப் பிரதிநிதிக்குச் சண்டையில் வேலையில்லை. அவரோ 42 வயதில், பதவிச் சின்னம் ஏதும் இல்லாத உடையில், இளைஞர்களோடு போர் விமானத்தில் ஏறிவிட்டார். பகைவர் கையில் சிக்கினால் போர்க் கைதிக்கு உள்ள பாதுகாப்புக்கூட அவருக்குக் கிடைக்காது. படையில் இல்லாத ஒருவர் ஆயுதம் ஏந்தினால் சுட்டுக் கொல்லலாம். இதை அறிந்தே 50 முறை போருக்குப் பறந்தார். ஜூலை 28இல் ஒரு ஜப்பானிய விமானத்தை வீழ்த்தினார். மார்ஷல் தீவுகளில் ஒரே எஞ்சின் கொண்ட கோர்சேர் விமானத்தில் 4,000 ராத்தல் குண்டுகளைச் சுமந்து பறக்க முடியும் என்று காட்டினார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி நியூகினியில் 475ஆம் போர் விமானக் குழுவுக்கு அவர் செய்தது. அவர்களுடைய பி-38 விமானங்கள் ஆறு முதல் எட்டு மணி நேரம் பறந்துவிட்டு எரிபொருள் தீரும் நிலையில் திரும்பும். லிண்ட்பர்க் இறங்கும்போது மட்டும் தொட்டியில் நிறைய மீதம் இருக்கும். எஞ்சின் சுழலும் வேகத்தைக் குறைத்து, உள்ளே செலுத்தும் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டி, எரிபொருளில் பெட்ரோலைக் குறைத்துக் காற்றை மிகுதியாகக் கலப்பது அவர் முறை. எஞ்சின் கெட்டுவிடும் என்று இளைஞர்கள் முதலில் அஞ்சினார்கள். செய்து காட்டிய பிறகு நம்பினார்கள். ஒன்பது மணி நேரத்திற்கு மேலும் பறக்கக் கற்றார்கள். தூரத்தில் இருந்த பகைத் தளங்கள் கைக்கு எட்டின. கடலில் விழுந்து மாண்டிருக்க வேண்டிய விமானிகள் வீடு திரும்பினார்கள். அட்லாண்டிக்கின் மேல் ஒவ்வொரு காலனாக எண்ணிப் பறந்தவருக்குக் கைவந்த சிக்கனம் அது. கர்னல் பதவி இருந்திருந்தால் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருப்பார்களோ என்றும் எனக்குத் தோன்றுகிறது.

போருக்குப் பின் 1947இல் அமெரிக்க விமானப்படை தனிப்படையாயிற்று. மறு ஆண்டு அதற்கெனச் சேமப்படையும் உருவாயிற்று. மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் என்பது இன்று அவர்களுடைய பணி. இருபது தகுதி ஆண்டுகள் நிறைந்தால் பிற்காலத்தில் ஓய்வூதியம், படிப்புக்கு உதவித்தொகை, போருக்குப் போய்த் திரும்பினால் பழைய வேலை அப்படியே கிடைக்கும் என்ற சட்டப் பாதுகாப்பு ஆகியவை உண்டு. ராபர்ட்சனின் ஞாயிற்றுக்கிழமை விமானிகளுக்கு இவ்வளவு கிடைக்கவில்லை.

அந்தச் சேமப்படையில்தான் 1954 ஏப்ரலில் லிண்ட்பர்க் மீண்டும் உறுதிமொழி எடுத்தார். அதிபர் ஐசன்ஹோவர் பரிந்துரைத்தார். மேலவை ஒப்புதல் தந்தது. பதவி பிரிகேடியர் ஜெனரல். துறந்த கமிஷன் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. அவ்வாண்டே விமானப்படைக்குப் புதிய கல்லூரி அமைக்க இடம் தேடும் குழுவிலும் உறுப்பினரானார். பல்கலைக்கழகத்தில் தேறாமல் வெளியேறியவர், கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகே ஒரு கல்லூரிக்கு இடம் தேர்ந்தெடுக்கும் பணியில் பங்கு கொண்டார். 1974 ஆகஸ்ட் 26ஆம் நாள் ஹவாயின் மாவி தீவில் காலமானார். அங்கேயே கிபாஹுலு என்னும் கடலோரச் சிற்றூரில், ஒரு சிறிய தேவாலயத்தின் வளாகத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.